நாற்காலியை வாடகைக்கு எடுத்து ஏற்காடு போன கதை

முதல் நாள்: திருச்சியில் இறங்கி சேலம்

சேலத்தில் பாட்டனார் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அப்படியே ஏற்காடு என்று கிளம்பிய பயணம் இது. என் மின் சக்கர நாற்காலி மலேசியாவில், ஈப்போ வீட்டுக் கூடத்தில் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதைக் கொண்டுவராததற்குக் காரணங்கள் பல. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டுதான் விமானத்தில் ஏற வேண்டும். ஒரே பேட்டரி என்றால் அதன் கொள்ளளவு 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160. அதைத் தாண்டினால் கூடாது. எங்கள் ஊர் பிளக்குக்குத் தட்டை முள், இந்தியாவில் உருண்டை முள். இவற்றையெல்லாம் சமாளித்தாலும், கல்யாண மண்டபத்துப் படியில் அந்தக் கனத்தை யார் தூக்குவது?

கையால் உருட்டும் நாற்காலி ஒன்றும் என்னிடம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு பயணத்தில், விமானத்தின் வயிற்றிலிருந்து அது வெளியே வந்தபோது ஒரு சக்கரம் பொரித்த அப்பளம்போல் வளைந்திருந்தது. இழப்பீடு கிடைத்தது. நாற்காலி பிழைக்கவில்லை. அந்தக் கசப்பில்தான் இந்த முறை போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தேன். தங்கை மகன் ஈப்போவிலிருந்தே சேலத்துக் கடை ஒன்றோடு பேசி முடித்தான். "பெரியம்மா, வீல்சேர் ஓட்டலுக்கே வந்துவிடும்" என்றான். கணினிக்காரன். ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு பொருள்தான் வரும் என்று நம்புகிறவன்.

நான் எடுத்துவந்தவை மூன்று: என்னுடைய இருக்கை மெத்தை, ஒரு அளவு நாடா, இடுப்பில் கட்டும் பட்டை. இதில் மெத்தையை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த உடம்பாக இருந்தால் கண்ட இருக்கையில் அரை நாள் உட்கார்ந்ததற்கு மூன்று மாதம் புண்ணோடு படுக்க நேரும். எனக்கு உணர்ச்சி உண்டு, எலும்பின்மேல் சதைதான் இல்லை. பலன் ஒன்றுதான்.

விமான டிக்கெட்டில் நாற்காலி கேட்பவர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். படி ஏறுவேன், நீண்ட தூரம் நடக்க மாட்டேன் என்பவர் ஒரு வகை. படியும் ஏற மாட்டேன், இருக்கை வரை நடப்பேன் என்பவர் அடுத்த வகை. இருக்கையிலும் தூக்கித்தான் வைக்க வேண்டும் என்பவர் மூன்றாம் வகை. நான் மூன்றாம் வகை. டிக்கெட் போடும்போது வெறுமனே "வீல்சேர்" என்று எழுதினால் முதல் வகையில் போட்டுவிடுவார்கள். பிறகு படிக்கட்டின் கீழே நின்று விவாதிக்க வேண்டியிருக்கும். 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

திருச்சியில் எல்லாரும் இறங்கிய பிறகு, இருக்கைகளுக்கு நடுவே நுழையும் ஒடுக்கமான நாற்காலி வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மடித்துவைத்த குடைபோல் ஆகிவிடுவோம். வெளியே வந்து காரில் ஏறி, முசிறி, தொட்டியம் வழியாக, காவிரிக் கரை வாழையைப் பார்த்துக்கொண்டே நாமக்கல். மலைக்கோட்டையைக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டுவிட்டு சேலம் வந்தபோது இருட்டிவிட்டது.

ஓட்டல் வரவேற்பில் நாற்காலி காத்திருந்தது. நான்கும் குட்டிச் சக்கரங்கள். இருக்கை நடுவில் ஒரு மூடி. தூக்கிப் பார்த்தால் வட்டமாக ஓட்டை, அதன் கீழே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

தங்கை மகனின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்குத்தான் அவரிடம் வந்து கேட்பார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு இதுதான் உபயோகம். ஆனால் நான் இதில் கல்யாணத்துக்குப் போனால் மொய்ப்பணத்தை வாளியில் போட்டுவிடுவார்களே!

நன்றி மறக்கக் கூடாது, இதையும் எழுதிவிடுகிறேன். ஓட்டல் குளியலறைக் கதவின் அகலம் 24 அங்குலம். பெரிய சக்கரம் வைத்த சாதாரண நாற்காலி பெரும்பாலும் அதில் நுழையாது. இந்த வாளி நாற்காலி நுழைந்தது.

இரண்டாம் நாள்: கடையும் கொலுசும்

கடை, அரசு மருத்துவமனைப் பக்கம் ஒரு சந்தில். வாசலில் வாக்கர்கள், உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள், காற்று மெத்தைகள். கடைக்காரர் பண்பானவர். என் தலைக்கு மேலே தங்கை மகனைப் பார்த்து, "நோயாளிக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

"61" என்றேன் நான்.

"உடம்புக்கு என்ன செய்கிறது அவர்களுக்கு?" அதுவும் அவனைப் பார்த்துத்தான்.

"ஒன்றும் செய்யவில்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. 58 வருடமாயிற்று. நடுவில் 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தினேன்" என்றேன், வகுப்பறைக் குரலில். மனிதர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அதன் பிறகு திரும்பிய முகத்தை எடுக்கவில்லை.

சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தை. அது சின்னதாக இருந்தால் வண்டி எடை குறைவு, மடித்து எளிதாகக் காரில் வைக்கலாம், தள்ளுகிறவருக்கு வசதி. பெரியதாக, 24 அங்குலமாக, வெளிப்பக்கம் கைவளையத்தோடு இருந்தால் உட்கார்ந்திருப்பவரே உருட்டிக்கொண்டு போகலாம். பார்ப்பவர்களுக்கு இது சக்கர அளவில் ஒரு வித்தியாசம். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு, ஜன்னலோரம் போகலாமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது என்ற வித்தியாசம். சின்னச் சக்கரத்தில் உட்கார்ந்தால், "என்னை அந்தப் பக்கம் கொஞ்சம்..." என்று நாள் முழுக்கக் கெஞ்ச வேண்டும். இரண்டாவது தடவையே குரலில் நோயாளி வந்துவிடுவாள்.

பெரிய சக்கரத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பரண்மேல். யாரும் கேட்பதில்லை என்றார். கீழே இறக்கித் துடைத்தார்கள். இருக்கை 18 அங்குலம், வெளி அகலம் 26. எனக்கு 16 போதும். பக்கத்துக்கு ஒரு துண்டை மடித்துச் செருகிக்கொண்டேன். டயர் காற்று அடைத்தது. கட்டை டயர் என்றால் பஞ்சர் ஆகாது, ஆனால் தெருக்கல் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் வந்து பேசும். பிரேக்கைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். வலது பக்கம் பிடித்தது. இடது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடித்தது. கால் வைக்கும் தட்டின் திருகு, பக்கவாட்டில் கை வைத்துக்கொள்ளும் கைப்பிடியின் பூட்டு, இருக்கைத் துணியின் தையல், எல்லாவற்றையும் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த கீறல்களைக் கடைக்காரர் கண் முன்னாலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

நாள் வாடகை கிடையாது, மாதக் கணக்குதான் என்றார். 900 ரூபாய். திரும்பக் கிடைக்கும் முன்பணம் 3,000. வாளி நாற்காலியையும் ஓட்டல் அறைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றதும் அதற்குப் பாதி வாடகை சொன்னார். எல்லாம் சேர்த்தாலும் ரிங்கிட்டில் கணக்குப் போட்டால் பெரிய தொகை இல்லை. பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டேன். நகல் கொடுத்தேன். வெளிநாட்டில் பாஸ்போர்ட்டை அடகுபோல் எங்கும் விட்டுவரக் கூடாது, நாற்காலிக்கும் சரி, நகைக்கும் சரி.

ரசீதில் "நோயாளி பெயர்" என்று ஒரு கட்டம். என் பெயரை அதில்தான் எழுதினார். அடித்துவிட்டு "ஓட்டுநர்" என்று எழுதுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மாலையில் செவ்வாய்ப்பேட்டை. சேலம் வந்து வெள்ளிக் கொலுசு பார்க்காமல் போனால் ஈப்போவில் தங்கை வீட்டுக்குள் விட மாட்டாள். கடைப் பெண் குங்குமச்சிமிழ் காட்டினாள், விளக்கு காட்டினாள், கைச்சங்கிலி காட்டினாள். கொலுசுத் தட்டு பக்கத்திலேயே இருந்தது. அதை மட்டும் நகர்த்தவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பாள். "கொலுசு காட்டம்மா, முத்து நிறைய வைத்தது" என்றேன். ஒரு கணம் என் காலைப் பார்த்தாள். பிறகு தட்டோடு வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, தானே மாட்டிவிட்டாள். இரண்டு ஜோடி வாங்கினேன், தங்கைக்கு ஒன்று.

நடக்கிற காலில்தான் கொலுசு சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். சின்னக் கடைவீதியில் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஜல் என்றது. சேலம் மாநகரத்துத் தெருக்கள் அன்று மாலை எனக்குக் கச்சேரி வைத்தன.

மூன்றாம் நாள்: ஒரு கோயில், ஒரு பஞ்சர்

காலையில் ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். வாசலில் நிறுத்தினார்கள். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரக் கூடாதாம். செருப்பைக் கழற்றிவிடலாம், சக்கரத்தை எப்படிக் கழற்றுவது? தங்கை மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவனை அடக்கிவிட்டு, பக்கத்துப் பூக்கடையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். பூக்காரம்மா தானே ஊற்றினார், நான் சக்கரத்தை மெல்லச் சுழற்றினேன். சக்கரம் அபிஷேகம் முடிந்து சுத்தமானது. காவலாளிக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அதே சக்கரம் மாலையில் பழி வாங்கியது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. கடித்தால் ஒரு பாதி வாயில், மறு பாதி மடியில். மடி எனக்கு எப்போதும் தயாராக இருக்கிறது என்பதால் சேதம் இல்லை. கடைசி வாய் போடும்போது இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது. ஆணி.

வாடகைக் கடைக்குத் தொலைபேசினால் நாளை ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். நாளை கல்யாணம். தட்டுவடைக்காரர்தான் சொன்னார்: "எதிரே சைக்கிள் கடை இருக்கிறதே!"

எனக்கே தோன்றவில்லை. அறுபது வயதை ஒட்டிய அந்தச் சைக்கிள் கடைக்காரர், என்னை மரப்பெஞ்சுக்கு மாற்றச் சொல்லிவிட்டு வண்டியைக் குப்புறக் கவிழ்த்தார். என் வயதைக் கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. "எத்தனை நாளாக முன்சக்கரம் ஆடுகிறது?" என்று கேட்டார். ஒரு மருத்துவரிடம்கூட நான் இவ்வளவு மகிழ்ச்சியாகப் பதில் சொன்னதில்லை.

டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினார். பிறகு, நாங்கள் கேட்காமலேயே, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்தார். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி நேராக்கினார். முன்சக்கரத்தைக் கழற்றி, சிக்கியிருந்த தலைமுடியையும் நூலையும் பிய்த்து எறிந்துவிட்டு எண்ணெய் விட்டார். இருக்கைக்கு அடியில் கத்திரிபோல் மடியும் கம்பிகளை இரண்டு தடவை மடித்து விரித்துப் பார்த்து, "இதை யோசித்தவன் மூளைக்காரன்" என்றார்.

அது எனக்குத் தெரிந்த கதை. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1918இல் ஒரு விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். காரில் ஏற்ற முடியாத கனத்த நாற்காலிகளோடு மல்லுக்கட்டிச் சலித்து, நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து 1933 வாக்கில் இந்த மடிப்பு நாற்காலியைச் செய்தார். சொன்னேன். "உட்கார்ந்தவன் செய்ததா? அதுதான் சரியாக இருக்கிறது" என்றார் கடைக்காரர்.

கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டிகள் ஒரு காலத்தில் இவரிடம் நிறைய வருமாம். இப்போது அரசாங்கம் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கொடுக்கிறது, அவர்களெல்லாம் மெக்கானிக் கடைக்குப் போய்விட்டார்கள் என்று குறைபட்டார். புதிதாகப் போலியோ வருவதும் நின்றுவிட்டது. தென்கிழக்கு ஆசியாவோடு சேர்த்து இந்தியாவுக்கும் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2014 மார்ச்சில் சான்று கொடுத்தது. "நல்ல விஷயம்தானே" என்றேன். "நல்ல விஷயம்தான்" என்றார், கொஞ்சம் தாமதித்து. வியாபாரி.

120 ரூபாய் வாங்கினார். காற்று இலவசம். இடது பிரேக்கை மட்டும் சரிசெய்ய முடியவில்லை, அதற்கான துண்டு அவரிடம் இல்லை.

நான்காம் நாள்: கல்யாணம்

மண்டபத்துக்கு ஒன்பது படிகள். அம்மாப்பேட்டைச் சொந்தக்காரப் பையன்கள் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அன்பு மிகுந்த இடத்தில்தான் ஆபத்து அதிகம். ஒருவன் கைப்பிடியைப் பற்றித் தூக்கினான். அது கழன்று அவன் கையோடு போய்விட்டது. நல்ல வேளை, முதல் படியே தாண்டவில்லை.

சக்கர நாற்காலியைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. கழலக்கூடிய எதையும் தொடக் கூடாது: கைப்பிடி, கால்தட்டு, சக்கரம். இரும்புச் சட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும். ஏறும்போது உட்கார்ந்தவரின் முதுகு படிப் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர் அல்லது இருவர், எண்ணுகிறவர் ஒரே ஒருவர். எண்ணும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "ஒன்று, இரண்டு, தூக்கு." 31 வருடம் உடற்பயிற்சி வகுப்பை மரத்தடியிலிருந்து எண்ணியே நடத்தியவள். பையன்கள் பயந்தே ஒழுங்காகத் தூக்கினார்கள்.

மேடைக்கு மறுபடியும் நான்கு படி. வேண்டாம் என்றேன். மணமக்கள் கீழே இறங்கிவந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். படம் எடுப்பவர் கேட்டபடி எல்லாரும் நாற்காலியைச் சுற்றி நின்றதில், அம்மாப்பேட்டைக் கூட்டத்தில் எனக்குத்தான் படத்தின் நடுவிடம்.

பந்தியில் ஒரு சங்கடம். கைப்பிடி மேசையில் முட்டியது. இலை அங்கே, நான் இங்கே. சாம்பார் நடுவழியில் சேலையில் இறங்கும் அபாயம். காலையில் கழன்ற கைப்பிடியின் நினைவு வந்தது. இரண்டையும் கழற்றித் தங்கை மகன் மடியில் வைத்தேன், நாற்காலி மேசைக்கு அடியில் போய்விட்டது. இரண்டு கிண்ணம் பாயசம்.

பரிமாறிய பெரியவர், பாட்டனாரின் தம்பி வழிப் பேரன், எனக்கு அண்ணன் முறை. "எத்தனை தலைமுறை ஆனாலும் நீங்கள் இந்த வீட்டுப் பெண். ஏற்காடு போகிறீர்களாமே, மலைமேல் உங்களால் முடியுமா?" என்றார். "கார் ஏறும் அண்ணா, நான் உட்கார்ந்துதானே போகப் போகிறேன்" என்றேன்.

ஐந்தாம் நாள்: இருபது கொண்டை ஊசி

காரின் டிக்கியில் பாதி இடத்தை எரிவாயு சிலிண்டர் பிடித்திருந்தது. இந்திய வாடகைக் கார்களில் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். கடைசியில் பெரிய சக்கர நாற்காலியை மடித்து, பின் இருக்கையில் தங்கை மகனுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து பெல்ட் போட்டோம். நான் முன்னால். வாளி நாற்காலி டிக்கியில் முக்கால்வாசி போய், மிச்சம் கயிற்றில். அந்தக் கோலத்தில் ஏற்காட்டுச் சாலை ஏறினோம்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகளுக்கு எண் போட்ட பலகைகள். இருபது. ஆறாவதில் காது அடைத்தது, பன்னிரண்டில் மூங்கில்களுக்கிடையே சேலம் கீழே விரிந்தது, அதற்கு மேல் மூடுபனி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பின் இருக்கையில் நாற்காலி ஒவ்வொரு வளைவிலும் தங்கை மகன் தோளில் சாய்ந்தது. "பெரியம்மா, இது என்னைவிட அதிகமாகப் பயப்படுகிறது" என்றான்.

ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பார்கள். 1,500 மீட்டர் உயரம். சமதரை என்பது ஏரியை ஒட்டிய சாலையில் கொஞ்சம், மற்ற இடமெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். இறக்கத்தில் நாற்காலியை முன்னோக்கி விடக் கூடாது, பின்னோக்கித்தான் இறக்க வேண்டும். தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று தாங்கிக்கொண்டே வர வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் நாங்கள் வழி தவறிவிட்டோம் என்று நினைத்தார்கள். ஒருவர், "அம்மா, ஏரி இந்தப் பக்கம் இருக்கிறது" என்று திருப்பிவிட வந்தார்.

தை மாதக் குளிரில் கைவளைய இரும்பு ஜில்லென்று இருந்தது, பனி ஈரத்தில் வழுக்கியது. கடைத்தெருவில் ஒரு ஜோடி கையுறை வாங்கினேன். கம்பளி வேண்டாம், பைக் ஓட்டுகிறவர்கள் போடும் வகை.

அந்தி நேரத்தில் லேடீஸ் சீட் போனோம். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் உட்கார்ந்து வெயில் சாய்வதைப் பார்த்த பாறை என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். பக்கத்தில் ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட்டும் உண்டு. மலை முழுக்க இருக்கைகள்! நான்தான் சொந்த இருக்கையோடு வந்திருந்தேன். சொந்தம் என்ன, மாதம் 900. இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு, இடது சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மூடுபனி விலகியபோது சேலத்தின் விளக்குகள் கீழே ஒவ்வொன்றாக ஏறின. அங்கே நேற்றுவரை நான் உருண்ட தெரு எது என்று தேடினேன். குழிகள் இங்கிருந்து தெரியவில்லை.

ஆறாம் நாள்: காப்பிக் களம்

கிளியூர் அருவிக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். தங்கை மகனை அனுப்பிவிட்டு, ஓட்டுநரின் உறவினர் வேலை செய்யும் காப்பித் தோட்டத்தில் என்னை விடச் சொன்னேன். இந்தப் பயணத்தில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளப் போவது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிழல் தர, அவற்றின்மேல் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. எங்கள் மலாயாவிலும் ரப்பருக்கு முன்னால் காப்பித் தோட்டங்கள்தான். பாட்டனார் ரப்பர் வெட்டத்தான் வந்தார். சேலம் ஜில்லாவில் பிறந்தவர், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். இந்த மலையில் எப்போதாவது பழம் பறித்தாரா என்பதைச் சொல்ல ஆள் இல்லை. கேட்க வேண்டிய காலத்தில் எனக்கு ஊஞ்சல்தான் முக்கியமாக இருந்தது.

அறுவடைக் காலம். பறித்த பழங்களைக் காயப்போட்டிருந்த களம், ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு, வழவழப்பான சிமெண்டுத் தரை. குழி இல்லை, படி இல்லை, கல் இல்லை. மழைநீர் வடிய மிக லேசான சரிவு மட்டும். பார்த்ததும் என் கைகள் தாமாக வளையத்துக்குப் போய்விட்டன. மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்தார், பழத்தின்மேல் மட்டும் ஏற வேண்டாம் என்றார்.

சிவப்பும் கறுப்புமாகப் பரப்பிய பாத்திகளுக்கு நடுவே, ஒரு வண்டி போகும் அகலத்துக்கு விட்டிருந்த சந்துகளில் ஓட்டினேன். ஒரு தள்ளு, அது உருளும். இன்னொரு தள்ளு. திருப்பம். கோட்டம் எடுத்த சக்கரம் குகைக் கடைக்காரர் பேரைச் சொல்லி ஓடியது. ஆறு நாளில் முதல்முறையாக யாரும் என் பின்னால் இல்லை. கொலுசு சத்தமே போடவில்லை. அவ்வளவு சீரான தரை.

மரப்பலகையால் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களில் வயதில் மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும், "இது என்ன விலை?" என்றார். வாடகை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கியபடி, "நான் கொஞ்சம் உட்காரலாமா அம்மா? காலையிலிருந்து நின்றபடியே இருக்கிறேன். முழங்கால் விட்டுப் போகிறது" என்றார்.

என்னிடம் நாற்காலியை ஒருவர் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. களத்தின் ஓரம் சாக்குமூட்டைகள் அடுக்கியிருந்தன. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க நான் மூட்டைக்கு மாறினேன். அவர் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். காலைத் தட்டில் தூக்கி வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார். "மெத்தை நன்றாக இருக்கிறது" என்றார். அது என்னுடையது, ஈப்போவிலிருந்து வந்தது என்றேன், கொஞ்சம் பெருமையாக. பத்து நிமிடம் இருந்திருப்பார். காப்பிச் சாக்கு கொஞ்சம் குத்தியது, பொறுத்துக்கொண்டேன்.

மாலையில் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 1,623 மீட்டர். காற்று என்றால் காற்று. குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். நான் வாசலோடு நின்றுகொண்டேன். இங்கே யாரும் சக்கரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. புல்வெளியில் அரை மணிக்கு ஒரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கிக்கொண்டு, அதாவது மெத்தைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு, இருட்டும்வரை இருந்தோம்.

ஏழாம் நாள்: திருப்பிக் கொடுத்தல்

இறங்கும்போது வளைவுகளை இருபதிலிருந்து தலைகீழாக எண்ணினேன். ஒன்று வந்தபோது சேலத்து வெயில்.

கடைக்காரர் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றினார், அது நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சைக்கிள் கடை என்றேன். குகையில் எந்த இடம் என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். முன்பணம் முழுதும் திரும்ப வந்தது, மேலே 120 ரூபாயும் கொடுத்தார், நான் வாங்க மறுத்தும். வாளி நாற்காலியைப் பையன் உள்ளே எடுத்துப்போய்க் கழுவினான்.

என்னைக் காருக்கு மாற்றி, மெத்தையை மடியில் கொடுத்துவிட்டு, தங்கை மகன் கணக்கை முடிக்கப் போனான். கார்க் கதவு திறந்தே இருந்தது. கடை வாசலில் ஒரு இளைஞர், கையில் மருத்துவமனைச் சீட்டு. அப்பாவை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், கால் எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் வாளி நாற்காலியைத்தான் முதலில் காட்டினார். அப்பா லாரி ஓட்டியவர் என்று இளைஞர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

"அதைக் கொடுங்கள், பெரிய சக்கரம்" என்றேன் காருக்குள்ளிருந்து.

இருவரும் திரும்பினார்கள். இளைஞர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீங்கள்தான் ஓட்டினீர்களா அம்மா? வண்டி எப்படி?"

"நன்றாக ஓடும். இடது பிரேக் மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் பிடிக்கும். சரிவில் நிறுத்தினால் ஒரு கல் கொடுக்கச் சொல்லுங்கள் அப்பாவை."